ஆடிப்பெருக்கிலிருந்து எண்ணிப் பார்த்தேன்

"எத்தனை நாளா இருக்கு டீச்சர்?" என்று கேட்டார் பல் மருத்துவர். என் மகளைவிட நாலைந்து வயது கூடுதலாக இருந்தால் அதிகம்.

"ஒரு பத்துப் பதினஞ்சு நாள் இருக்கும்மா" என்றேன். எதையும் மறைக்கவில்லை. அவ்வளவுதான் இருக்கும் என்று நானே நம்பிக்கொண்டிருந்தேன்.

அவர் விடவில்லை. "முதல்ல எப்போ தெரிஞ்சுது? என்ன சாப்பிடறப்போ?"

அப்போதுதான் நினைவு வந்தது. ஆடிப்பெருக்கன்று காவிரிப் படித்துறைக்குக் கட்டிக்கொண்டு போன எலுமிச்சை சாதம். முதல் வாய் வைத்ததுமே நாக்கின் இடது ஓரம் சுரீரென்று எரிந்தது. தண்ணீர் குடித்துவிட்டு மறந்துபோனேன். மேசையில் இருந்த காலண்டரை மருத்துவர் என் பக்கம் திருப்பினார். ஆடிப்பெருக்கு ஆகஸ்ட் 3. நான் அவர் முன்னால் உட்கார்ந்திருந்தது செப்டம்பர் 18. எண்ணிப் பார்த்தேன், 46 நாள்.

இருபத்தெட்டு வருஷம் தமிழாசிரியையாகப் பிள்ளைகளுக்கு வருகைப் பதிவேடு போட்டவள் நான். என் வாயில் இருந்த புண்ணுக்கு மட்டும் நாள் குறிக்கத் தோன்றவில்லை. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

அந்த 46 நாளும் எப்படிப் போயின என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். முதல் வாரம், "உடம்புச் சூடு" என்று அம்மா சொன்னதை நானும் ஏற்றுக்கொண்டேன். எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப்பால் விட்டு மூன்று நாள் சாப்பிட்டேன். இரண்டாவது வாரம் தெருமுனை மருந்துக்கடையில் பி காம்ப்ளக்ஸ் மாத்திரையும், புண்ணில் தடவ ஒரு ஜெல்லும் வாங்கினேன். ஜெல் தடவியதும் இடம் மரத்துப்போகும், சாப்பாடு இறங்கும். வலி குறைந்ததை வைத்துப் புண் ஆறுகிறது என்று முடிவுகட்டிவிட்டேன். மூன்றாவது வாரம் காய்ச்சலுக்காக ஒரு மருத்துவரிடம் போனபோது இதையும் சொன்னேன். எட்ட இருந்தே டார்ச் அடித்துப் பார்த்து, ஐந்து நாளைக்கு ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தார். "வெத்தலை, புகையிலை உண்டா?" என்றார். "இல்லை" என்றேன். "அப்போ ஒண்ணும் பயமில்லை" என்று அனுப்பிவிட்டார். பிறகு காலாண்டுத் தேர்வு வேலை, அதற்குப் பிறகு நாத்தனார் மகளின் நிச்சயதார்த்தம். "இது முடியட்டும், அது முடியட்டும்" என்று தள்ளிப் போட்டதில் மூன்று வாரம் கரைந்துவிட்டது.

கீரையைக் குறை சொல்ல மாட்டேன். வாய்ப்புண்ணுக்கு மணத்தக்காளி சாப்பிடுவதில் ஒரு தப்பும் இல்லை. அது வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு கெடு வைக்காமல் விட்டதுதான் தப்பு.

எனக்கு வாய்ப்புண் புதிதல்ல. படிக்கிற காலத்தில் பரீட்சை வந்தாலே புண்ணும் கூட வரும். உதட்டின் உட்புறத்தில் சின்னதாய், வட்டமாய், நடுவில் மஞ்சள் வெளுப்பும் சுற்றிச் சிவப்பு வளையமுமாய் வரும். உயிர் போகிற மாதிரி வலிக்கும். ஒரு வாரம், பத்து நாளில் தடம் தெரியாமல் ஆறிவிடும். அடுத்த முறை வேறு இடத்தில் வரும். இந்த ஆடிப்பெருக்குப் புண் அப்படி இல்லை. இடம் மாறவில்லை, வட்டமாக இல்லை, போகப்போக வலியும் பெரிதாக இல்லை. வலி இல்லாததுதான் என்னை ஏமாற்றியது. வாய்ப் புற்றுநோய் ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. வலி, காதுக் குத்தல், விழுங்குவதில் சிரமம் என்று வருவதெல்லாம் பிற்பாடுதான். "வலிக்கவே இல்லையே, எதுக்கு டாக்டர்?" என்று யாராவது சொன்னால் இப்போதெல்லாம் எனக்குப் பகீரென்கிறது.

அந்தப் பல் மருத்துவர் பார்த்த விதத்தைச் சொல்ல வேண்டும். வாய்ப்புண்ணை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதை நான் அங்கேதான் கற்றேன். நாக்கு நுனியை ஒரு பஞ்சுத்துணியால் பிடித்து வலப்பக்கம் இழுத்தார். இடது ஓரம் கடைவாய் வரைக்கும் வெளிச்சத்துக்கு வந்தது. கண்ணாடி முன்னால் நின்று நான் எத்தனை முறை நாக்கை நீட்டினாலும் அந்த இடம் எனக்குத் தெரிந்ததே இல்லை. பிறகு கையுறை போட்ட விரலால் புண்ணின் ஓரத்தை மெல்ல அழுத்திக்கொண்டே வந்தார். "இங்க கொஞ்சம் கெட்டியா இருக்கு. நீங்களே தொட்டுப் பாருங்க." தொட்டேன். வேகாத துவரம்பருப்பு ஒன்று நாக்குச் சதைக்குள் மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. 46 நாளில் ஒரு நாள்கூட விரல் வைத்து நான் தொட்டுப் பார்த்ததில்லை. அடுத்துத் தாடைக்கு அடியிலும் கழுத்தின் இரண்டு பக்கமும் தடவி, நெறிகட்டி இருக்கிறதா என்று பார்த்தார்.

கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றின் விளிம்பு உடைந்து கூராக இருந்தது. அதைத் தேய்த்து மழுக்கிவிட்டார். "பல் உரசி வந்த புண்ணா இருந்தா பத்து நாள்ல நல்லா ஆறி வரணும். ஆறலைன்னா சதை எடுத்து டெஸ்ட் பண்ணணும். 28ஆம் தேதி வந்துடுங்க." என் கையாலேயே அதை எழுத வைத்தார். "பார்ப்போம், குறையலைன்னா வாங்க" என்று சொல்லும் மருத்துவருக்கும் தேதி போட்டுக் கொடுக்கும் மருத்துவருக்கும் உள்ள வித்தியாசம் பெரியது. உங்கள் மருத்துவர் தேதி சொல்லாவிட்டால் நீங்களே கேட்டு வாங்குங்கள்.

28ஆம் தேதி புண் அப்படியே இருந்தது. மரத்துப்போக ஊசி போட்டு, புண்ணின் ஓரத்திலிருந்து அரிசியளவு சதை எடுத்து, சின்னக் குப்பியில் மருந்துநீருக்குள் போட்டார்கள். இரண்டு தையல். மொத்தமே கால் மணி நேரம். வீட்டில்தான் புயல். "கத்தி பட்டா பரவிடும்னு சொல்வாங்களேடி" என்று அம்மா அழுதார். ஊரெல்லாம் இந்தப் பேச்சு உண்டு. அது உண்மையில்லை. முற்றிப்போன பிறகு வருகிறவர்களுக்கும் முதலில் சதை எடுத்துத்தான் பார்க்கிறார்கள். அதன்பின் அவர்கள் தவறிப்போனால் பழி கத்தியின்மேல் விழுகிறது. சதை எடுத்துப் பார்க்காமல் கண்ணால் பார்த்து மட்டும் எந்த மருத்துவராலும் "புற்று" என்றோ "இல்லை" என்றோ உறுதியாகச் சொல்ல முடியாது.

ஆறாம் நாள் முடிவு வந்தது. ஸ்குவாமஸ் செல் கார்சினோமா. நாக்கில் வருவதில் பெரும்பாலானது இந்த வகைதான். அளவு ஒன்றரை சென்டிமீட்டருக்கும் குறைவு. முதல் நிலை. சென்னையில் அறுவை சிகிச்சை நடந்தது. நாக்கின் இடது ஓரத்தில் ஒரு பகுதியை எடுத்து, கழுத்தின் நிணநீர் முடிச்சுகளையும் எடுத்தார்கள். "கழுத்துலதான் ஒண்ணும் இல்லையே, அதை ஏன் வெட்டணும்?" என்று என் கணவர் கேட்டார். கையில் தட்டுப்படாத நுண்ணிய பரவல் அங்கே ஒளிந்திருக்கலாம் என்றார் அறுவை மருத்துவர். ஆரம்ப நிலையிலேயே முடிச்சுகளை எடுத்தவர்கள் கூடுதலாகப் பிழைக்கிறார்கள் என்று மும்பை டாடா நினைவு மருத்துவமனை 2015இல் வெளியிட்ட ஆய்வையும் எடுத்துச் சொன்னார். என் முடிச்சுகளில் எதுவும் இல்லை. கதிர்வீச்சு தேவைப்படவில்லை. பள்ளிக்குத் திரும்பியபோது மூன்று மாதத்துக்கு "ழ" வரவில்லை. "வாழை" என்றால் "வாளை" என்று விழும். தினமும் காலையில் மாடியில் நின்று ழகரச் சொற்களாகச் சொல்லிச் சொல்லிப் பழகினேன். இப்போது வகுப்பில் கடைசி வரிசைக்கும் வித்தியாசம் தெரியாது.

என் பெரியப்பாவுக்கு இந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. கும்பகோணம் கொழுந்து வெற்றிலையும் சீவலும் பன்னீர்ப் புகையிலையும் இல்லாமல் அவருக்கு விடியாது. அடக்கி வைத்துக்கொள்ளும் வலது கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளையாக ஒரு படை இருந்தது. துடைத்தால் வராது. சுண்ணாம்பால் வெந்துபோனதாக்கும் என்று எட்டு மாதம் விட்டுவிட்டார். தாடை எலும்பில் ஒரு பகுதியை எடுக்கவேண்டி வந்தது. அடுத்த பொங்கலுக்கு அவர் இல்லை. அந்த வீட்டில் வளர்ந்த எனக்கு, "வெற்றிலை போடுகிறவர்களுக்குத்தான் இது வரும்" என்பது ஆழமாகப் பதிந்துவிட்டது. என் புண்ணை நான் சந்தேகிக்காததற்கு அதுவும் ஒரு காரணம். பழக்கம் எதுவும் இல்லாதவர்களுக்கும், குறிப்பாக நாக்கின் ஓரத்தில், இது வருகிறது. பழக்கம் உள்ளவர்களுக்கு ஆபத்து பல மடங்கு அதிகம் என்பதும் உண்மை. நம் நாட்டு ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய்தான் முதலிடத்தில் இருக்கிறது.

"நான் புகையிலை போடறதில்ல, வெறும் பாக்குதான்" என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004இல் வெளியிட்ட அறிக்கையில் சொன்னது. வெளிநோயாளிகள் பிரிவில் நான் காத்திருந்தபோது இருபத்தைந்து வயதுகூட நிரம்பாத பையன் ஒருவனைப் பார்த்தேன். பாக்குப் பொட்டலப் பழக்கம். கன்னத்துச் சதை நார்போல இறுகி, வாயில் ஒரு விரல்தான் நுழைந்தது. இட்லியைப் பிட்டுப் பிட்டுத் திணித்துக்கொண்டிருந்தான். உங்கள் கையின் நடு மூன்று விரல்களைச் சேர்த்துச் செங்குத்தாக முன்பற்களுக்கு நடுவில் வைத்துப் பாருங்கள். சாதாரணமாக நுழைய வேண்டும். நுழையவில்லை என்றாலோ, முன்பு உறைக்காத சாம்பார் இப்போது வாயெல்லாம் எரிகிறது என்றாலோ, பாக்கை அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போகவேண்டும். அது புற்றாக மாறக்கூடிய நிலை.

இப்போது மாதத்தின் முதல் ஞாயிறு பல் தேய்த்ததும் செல்போன் டார்ச்சோடு கண்ணாடி முன்னால் நிற்கிறேன். உதட்டை மடக்கி, கன்னத்தை இழுத்து, ஈறுகளைப் பார்த்து, கைக்குட்டையால் நாக்கைப் பிடித்து இரண்டு ஓரமும், அண்ணமும், நாக்கை மேலே தூக்கி அடிப்பக்கமும் பார்ப்பேன். பிறகு விரலால் தடவி, கடைசியாகக் கழுத்து. மூன்று நிமிடம் ஆகும். வாய் ஒரு தயவான உறுப்பு. வயிறு, நுரையீரல் போல இல்லை, திறந்தால் தெரிந்துவிடும். திருவனந்தபுரத்தில் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைத் திறந்து வெளிச்சத்தில் பார்த்த ஒரு பெரிய ஆய்வு 2005இல் வெளியானது. புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களில் வாய்ப் புற்றுநோய்ச் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. கண்ணால் பார்த்ததுக்கே அவ்வளவு பலன்.

எப்போது போவது என்று என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். "இது அதுவா இருக்குமோ" என்று யோசிக்காதீர்கள். அதைக் கண்டுபிடிப்பது உங்கள் வேலை இல்லை. உங்கள் வேலை நாளை எண்ணுவது. புண்ணோ, வெள்ளைப் படையோ, கட்டியோ இரண்டு வாரத்தில் போகவில்லை என்றால், வலித்தாலும் வலிக்காவிட்டாலும் போகவேண்டும். சிலவற்றுக்கு இரண்டு வாரமும் வேண்டாம். வெல்வெட் துணிபோலச் சிவந்த படை, காரணமில்லாமல் ரத்தக் கசிவு, நாக்கோ உதடோ மரத்துப்போவது, நல்ல பல் ஆடுவது, கழுத்தில் கெட்டியான கட்டி, விழுங்கும்போது தடங்கல், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அந்த வாரமே போய்விடுங்கள். பல்செட் போட்டிருக்கும் பெரியவர்கள் "செட்டு உரசுது" என்று சொன்னால் செட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தை யாராவது ஒருவர் பாருங்கள்.

பல் மருத்துவரோ, காது மூக்குத் தொண்டை மருத்துவரோ போதும், நேரே புற்றுநோய் மருத்துவமனைக்கு ஓட வேண்டியதில்லை. மாவட்ட அரசு மருத்துவமனைகளில் பல் பிரிவு இருக்கிறது, பார்க்கக் காசு இல்லை. சிகிச்சைச் செலவை நினைத்தே போகாமல் இருக்கிறவர்கள் முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை வாங்கிக்கொள்ளுங்கள். தகுதியுள்ள குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை அதில் கிடைக்கிறது. மருத்துவர் முன்னால் உட்கார்ந்ததும் பதற்றத்தில் எல்லாம் மறந்துபோகும். அதனால் வீட்டிலேயே ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். புண் வந்த தேதி, இதுவரை போட்ட மருந்து, உள்ள பழக்கம். பழக்கத்தை மறைக்காதீர்கள். கடைசியில் இந்தக் கேள்வியை அப்படியே கேளுங்கள்: "இதுக்குச் சதை எடுத்துப் பார்க்கணுமா டாக்டர்? இப்போ வேண்டாம்னா, எந்தத் தேதிக்கு மறுபடி வரட்டும்?"

சோதனைக்குப் போகிற பெரும்பாலானவர்களுக்கு அது புற்றுநோயாக இருப்பதில்லை. என்னோடு அன்று காத்திருந்த அக்கா ஒருவருக்குப் பல் உரசிய புண்தான், பல்லைத் தேய்த்த பிறகு ஆறிவிட்டது. அவர் போனது வீண் அலைச்சலா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. பயத்தோடு படுத்த இரவுகள் அன்றோடு முடிந்தன.

எனக்கு நாலு வருஷம் முடிந்துவிட்டது. முதல் வருஷம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. என் வகுப்புப் பிள்ளைகளிடம் வீட்டுக் காலண்டரைப் பற்றி வருஷத்துக்கு ஒருமுறை சொல்லி அனுப்புகிறேன். அதையே உங்களிடமும் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வாயிலோ வீட்டில் யார் வாயிலோ இப்போது ஒரு புண் இருந்தால், அது வந்த நாளை நினைவுபடுத்திக் காலண்டரில் குறியுங்கள். அதிலிருந்து பதினைந்தாம் நாளை வட்டமிடுங்கள். அந்த நாள் ஏற்கெனவே போய்விட்டது என்றால், நாளைக் காலையே கிளம்புங்கள்.