போன் பெயரைச் சொல்லும், காரணத்தை நீங்கள் சொல்லுங்கள்



2020இல் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தபோது, பாடம் படிக்கவென்று கடன்பட்டு வாங்கிய போன் இன்று பல லயங்களில் விளையாட்டுச் சாமானாகி விட்டது. அதைப் பறித்து வையுங்கள் என்று சொல்ல நாம் வரவில்லை. அதே போனில் நல்ல வேலையும் ஒன்று இருக்கிறது.

கூகுள் லென்ஸ் என்று ஒரு செயலி. 2017இல் வந்தது. காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை, டேட்டா மட்டும் கொஞ்சம் போகும். குடை, டோர்ச், பூட்டு, வண்டு என்று எதற்கு நேரே கெமராவைப் பிடித்தாலும் அதன் பெயரைத் தேடிக் காட்டும். பெயர் தெரிந்த பிள்ளை அடுத்ததாக "ஏன் அப்படி?" என்று கேட்கும். அந்த இடத்தில்தான் பல வீடுகளில் "சும்மா இரு, வேலை கெடக்கு" என்று வாயை அடைத்து விடுகிறார்கள். படிக்காத நமக்கு என்ன தெரியும் என்ற கூச்சம்தான் காரணம்.

கூச்சம் வேண்டாம். கொழுந்தையே எடுங்கள். போன் அதைத் தேயிலை என்று சொல்லும். பச்சைக் கொழுந்து கறுப்புத் தூளானது எப்படி? ஸ்டோரில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். வாட்டி, ரோலரில் நசுக்கி, பரப்பி வைத்தால் செம்பு நிறம் வரும். பிறகு சூட்டில் காய வைப்பார்கள். நசுங்கிய இலையின் சாற்றில் காற்று படுவதால்தான் நிறம் மாறுகிறது. வெட்டிய கத்தரிக்காய் கறுப்பதும் இதனால்தான். அதற்காகத்தானே நாம் தண்ணீரில் போட்டு வைக்கிறோம்!

இதை வீட்டிலேயே காட்டலாம். மருந்து அடிக்காத மலையில் மூன்று கொழுந்து எடுங்கள். ஒன்றைச் சும்மா வையுங்கள். ஒன்றை உள்ளங்கையில் நன்றாகக் கசக்கி வையுங்கள். மூன்றாவதைக் கொதிதண்ணீரில் இரண்டு நிமிடம் போட்டெடுத்துக் கசக்குங்கள். இரண்டு மணித்தியாலம் கழித்துப் பார்த்தால் கசக்கியது மட்டும் சிவந்திருக்கும். கொதிதண்ணீரில் போட்டது சிவக்காது. நிறத்தை மாற்றும் சத்து சூட்டில் செத்துவிட்டது. பச்சைத் தேயிலை செய்வதும் இந்த வழியில்தான். என்ன நடக்கும் என்று பிள்ளையை முதலில் சொல்ல விடுங்கள், அவசரப்பட்டு நீங்கள் சொல்லிவிடாதீர்கள். தப்பாகச் சொன்னாலும் சிரிக்க வேண்டாம்.

இன்னொன்று: வெறுந்தேத்தண்ணியில் தேசிக்காய்ப் புளி விட்டால் நிறம் வெளுக்கும். வேறொரு கோப்பையில் அப்பச்சோடா ஒரு சிட்டிகை போட்டால் கறுக்கும். புளி விட்டதைக் குடிக்கலாம், மற்றதை ஊற்றி விடுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். லென்ஸ் ஒரே மாதிரி இருக்கிற பொருட்களை மாற்றிச் சொல்லும். காட்டில் முளைத்த காளானையோ பழத்தையோ போன் நல்லது என்று சொன்னதற்காகப் பிள்ளைகள் வாயில் வைக்கக் கூடாது. சோடாப் போத்தலில் மருந்து ஊற்றி வைக்கிற வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. கெமராவுக்குத் தெரிவது போத்தல்தான். உள்ளே இருப்பது என்னவென்று அதற்குத் தெரியாது. மருந்துப் போத்தலை இன்றைக்கே பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள்.