ஒரு ‘ஆர்டர்’, மூன்று ஸ்பானியச் சொற்கள்

கேள்வி: விற்பனைச் செயலி ஒன்றை ஆங்கிலத்திலிருந்து ஸ்பானிய மொழிக்கு மாற்றுகிறேன். ‘ஆர்டர்’ என்பதற்கு அகராதியில் பல சொற்கள் இருக்கின்றன. எதை எடுப்பது?
— வாசகர், இந்திரா நகர், பெங்களூரு

அகராதியைத் திறப்பதற்கு முன் அந்த வாக்கியத்தைத் தமிழில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். நீதிமன்றம் போடுவது உத்தரவு, பெயர்கள் நிற்பது அகர வரிசை, காவல்துறை காப்பது சட்டம் ஒழுங்கு. உங்கள் ஊர்க் கன்னடமும் கட்டளையை ‘ஆதேச’ என்றும் வரிசையை ‘க்ரம’ என்றும் பிரித்தே வைத்திருக்கிறது. ஸ்பானிய மொழி இதைப் பாலில் காட்டுகிறது: உத்தரவு என்றால் பெண்பாலில் ‘லா ஓர்தென்’; வரிசை, ஒழுங்கு என்றால் ஆண்பாலில் ‘எல் ஓர்தென்’. அஃறிணைக்கு ஆண், பெண் பார்க்காத நமக்கு இங்கேதான் கவனம் தேவை.

‘கடையில் கொடுப்பதைத் தமிழிலும் ஆர்டர் என்றுதானே சொல்கிறோம்?’ என்று கேட்பீர்கள். நியாயம்தான். அப்போது வினையைத் தேடுங்கள்: வாடிக்கையாளர் பொருளைக் கேட்கிறார். கேட்பதற்கு ஸ்பானியத்தில் ‘பெதிர்’; அதிலிருந்து பிறந்த ‘பெதிதோ’தான் உங்கள் செயலிக்குரிய சொல். லத்தீன் அமெரிக்காவில் கொள்முதல் ஆணையை ‘ஓர்தென் தே கொம்ப்ரா’ என்றும் எழுதுகிறார்களே என்றால், உண்மைதான். ஆனால் ‘பெதிதோ’ ஸ்பெயினிலும் அங்கேயும் தயக்கமின்றிப் புரியும், ஆகவே அதையே வையுங்கள். பட்டியலை விலைப்படி அடுக்கும் பொத்தானுக்கு மட்டும் ‘ஓர்தெனார்’ என்ற வினையைப் போடுங்கள். அங்கே ‘பெதிர்’ வந்தால், அடுக்க நினைத்தவரை வாங்கச் சொல்வதாகிவிடும்.