பழம்படகு புதுக்கல்

வட அமெரிக்காவில், கனடா நாட்டின் தெற்கெல்லையை அடுத்து மின்னெசோட்டா என்னும் மாநிலம் உளது. அஃது ஏரிகள் மலிந்த நிலம். 10 ஏக்கரும் அதற்கு மேலும் பரப்புடைய ஏரிகளை மட்டும் எண்ணி, அவை 11,842 என்று அம்மாநிலத்தார் கணக்கிட்டிருக்கின்றனர். கோடையில் இவ்வேரிகளில் படகு செலுத்தி மீன் பிடித்தல் அங்குள்ளார்க்குப் பெருவிருப்பமான பொழுதுபோக்கு. ஆயின் டிசம்பர்த் தொடக்கத்திலேயே பெரும்பாலான ஏரிகளின் மேற்பரப்பு பனிக்கட்டியாய் இறுகிவிடும். ஏப்பிரல் திங்களில்தான் அஃது உடைந்து உருகும். இடைப்பட்ட நான்கு திங்களுக்கும் படகுக்கு வேலை இல்லை. பழம்படகு உடையவர் அதனை வீட்டையடுத்த கொட்டகையில் ஏற்றி வைத்துப் புதுக்குவதற்கு ஏற்ற காலம் அதுவே. நம் கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்பிரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலிற் செல்லாமல் தடுக்கப்படுதலையும், அந்நாள்களில் அவை கரையேற்றிச் செப்பனிடப்படுதலையும் நீங்கள் அறிவீர்கள். இங்கே தடை விதிப்பது அரசு. அங்கே தடை விதிப்பது பனி.

அவ்வேரிகளில் இயங்கும் சிறு மீன்பிடி படகுகளுள் மிகப் பல அலுமினியத் தகட்டால் ஆனவை. அலுமினியத்தாற் படகு கட்டும் வழக்கம் பெருகியது போரின் பயனாகும். இரண்டாம் உலகப்போரில் விமானம் கட்டுதற்பொருட்டு, மெல்லிய அலுமினியத் தகட்டை வளைக்கவும் ஆணியிட்டுப் பிணைக்கவும் பல்லாயிரவர் பழகியிருந்தனர். நியூயார்க்கு மாநிலத்தில் போர் விமானங்களைச் செய்துவந்த கிரம்மன் நிறுவனத்தில் வில்லியம் ஆஃப்மன் என்பார் உயர்ந்த பதவியில் இருந்தார். அவர் 1944ஆம் ஆண்டில் அடிராண்டாக் மலைப்பகுதிக்குச் சென்று, ஓர் ஏரியினின்று மற்றோர் ஏரிக்குக் கனத்த தோணியைச் சுமந்து செல்ல நேர்ந்தபோது, விமானத் தகட்டால் தோணி செய்தால் இத்துணைச் சுமை இராதே என்று எண்ணினார் என்பர். 1945இல் அந்நிறுவனம் அலுமினியத் தோணிகளைச் செய்யத் தொடங்கிற்று. மின்னெசோட்டாவிலேயே 1948இல் லண்டு என்னும் படகு நிறுவனம் தோன்றியது. ஐம்பது அறுபது ஆண்டு உழைத்த படகுகள் இன்றும் அங்கே கைமாறி விலை போகின்றன.

இத்துணை ஆண்டு உழைத்தற்குக் காரணம் அவ்வுலோகத்தின் இயல்பு. இரும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே அலுமினியத்தின் எடை. இரும்பைப் போலவே இதுவும் காற்றிலுள்ள உயிர்வளியோடு கூடுவதே. ஆனால், இரும்பின்மேற் படியும் துரு பொருக்குப் பொருக்காக உதிர்ந்து, அடியிலுள்ள இரும்பை மேலும் மேலும் வெளிக்காட்டும். அலுமினியத்தின்மேற் படியும் துருவோ கண்ணுக்குப் புலனாகாத மென்படலமாய் ஒட்டிக்கொண்டு உள்ளிருப்பதைக் காக்கும். கீறினால், கீறிய இடத்தில் அப்போதே புதிய படலம் தோன்றும். தன் துருவையே தனக்குக் கவசமாகக் கொண்ட உலோகம் இது.

அங்ஙனமாயின் படகு பழுதாவது ஏன்? தகடு கெடுவதில்லை, தகட்டோடு கூடியவை கெடுகின்றன. தகடுகளைப் பிணைக்கும் ஆணிகள் நெகிழ்கின்றன. உள்ளே வைத்த மரம் உளுக்கின்றது. இருக்கைகளின் அடியில் அடைத்த நுரைப்பாளம் நீரை உறிஞ்சிக்கொள்கின்றது. இவை மூன்றும் வெளியே தெரியா. வண்ணம் மங்கிக் காணும் படகு உறுதியாக இருத்தலும், புதுவண்ணம் பூசிப் பளபளக்கும் படகு உள்ளே உளுத்திருத்தலும் உண்டு. ஆதலின் பழம்படகு வாங்குவோர் கண்ணை மட்டும் நம்பலாகாது.

முதல் வேலை ஒழுக்கு எங்கே என்று காணுதல். இதற்குப் படகை நீரில் விடுவதினும் நீரைப் படகில் விடுவதே தக்க வழி. நம் ஊர்க் கொத்தர்கள் மொட்டைமாடியில் நீரைத் தேக்கி வைத்து, கீழே நின்று ஒழுக்குப் பார்ப்பது போன்றதே இது. படகைக் கட்டைகளின்மேல் நன்கு தாங்கி நிறுத்தி, உள்ளே நாலைந்து அங்குல உயரத்துக்கு நீர் ஊற்றிவிட்டு, அடியிற் புகுந்து பார்ப்பர். எந்த ஆணியின் தலையில் நீர் கசிந்து துளியாகத் திரள்கின்றதோ, அதனைச் சுற்றி வட்டமிட்டுக் குறித்துக்கொள்வர். நீரை மிகுதியாக ஊற்றுதல் தவறு. ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ எடை ஆகலின், வெளியிலிருந்து நீர் அழுத்துதற்கென அமைந்த மெல்லிய தகடு உள்ளிருந்து வரும் பாரம் தாங்காது வளைந்துவிடும். இச்சோதனையை அக்டோபரிலேயே முடித்துவிடல் வேண்டும். பனி விழத் தொடங்கிய பின் ஊற்றிய நீர், வடிவதற்குள் உறைந்துவிடும். உறையும் நீர் தன் பருமனில் ஏறத்தாழ 9 விழுக்காடு விரிவதால், இணைப்புகளிற் சிக்கிய நீர் அவற்றைப் பிளக்கவும் கூடும். பழுது பார்க்கப் புகுந்தவரே பழுது செய்தவர் ஆவர்.

ஒழுகும் ஆணியை என்ன செய்வது? இவ்வாணியைத் தொழிற்சாலையில் ‘ரிவெட்’ என்பர். தறையாணி என்னும் நல்ல தமிழ்ச் சொல் நமக்கு உண்டு; தறைதல் என்பது ஆணியின் முனையை அடித்து மடக்கி இறுக்குதல். தறையாணியின் ஒரு முனை குமிழ் போன்ற தலை. மறுமுனை நேரான வால். துளையிற் செருகிய பின் வால், ஆணியின் குறுக்களவைப் போல் ஒன்றரை மடங்கு வெளியே நீண்டிருக்க வேண்டும். குறைந்தால் பிடிப்பு இராது. மிகுந்தால் வளைந்து சாயும். இவ்வேலைக்கு இருவர் வேண்டும். ஒருவர் படகின் வெளியே நின்று தலையின்மேல் காற்றுச் சுத்தியலால் அடிப்பார்; மற்றவர் உள்ளே அமர்ந்து கனத்த இரும்புக் கட்டி ஒன்றை வாலின்மேல் அழுத்திப் பிடிப்பார். அடி விழுவது தலையில். தட்டையாகி விரிவது வால். ஒருவர் முகம் மற்றவர்க்குத் தெரியாது. குரல் ஒன்றே குறிப்பு. கட்டி சற்றே விலகியிருக்கும்போது சுத்தியல் விழுமானால் தகடு குழிந்துவிடும். தந்தையும் மகளும், அல்லது பாட்டனும் பேரனும் குளிர்கால மாலைகளில் இவ்வாறு கூடி உழைத்தலுண்டு. நெகிழ்ந்த ஆணியை இம்முறையில் மீண்டும் அடித்தே இறுக்கிவிடலாம். துளை தேய்ந்து அகன்றிருந்தால் பழைய ஆணியைத் துளைத்தெடுத்து, அடுத்த பெரிய அளவினதைப் பொருத்த வேண்டும்.

இவ்விடத்தில் நம் நாட்டுப் படகு ஒன்றையும் கூறுதல் தகும். சென்னைக் கரையில் முற்காலத்தில் ஓடிய மசூலாப் படகில் பலகைகளை ஆணியால் அறையாமல் தென்னங்கயிற்றால் தைத்திருந்தனர். கரையில் மோதும் பேரலைக்கு அப்படகு நெகிழ்ந்து கொடுத்துத் தப்பும். விறைத்த படகு உடையும். அலுமினியப் படகோ நெகிழ்ச்சியைப் பொறாது. அலை தாக்குந்தோறும் தகடு சிறிது அசைய, அவ்வசைவே நாளடைவில் ஆணித்துளையை அகற்றுகின்றது. ஏரியின் சிற்றலைக்கு இது தக்கது. நம் வங்கக்கடலின் கரையலைக்கு அதுவே தக்கது.

இனி மரம். மோட்டார் தொங்குவது படகின் பின்பலகையில். அதன் வெளிப்புறம் தகடு ஆயினும் உள்ளே ஒட்டுப்பலகை வைத்திருப்பர். ஆணித்துளை வழியே புகுந்த நீரால் அஃது உளுத்துப்போகும். கூரிய ஊசியாற் குத்தினால் வெண்ணெயிற் புகுவதுபோற் புகும். மோட்டாரைப் பிடித்து ஆட்டினால் பின்புறம் முழுவதும் ஆடும். அத்தகைய படகை விரைந்து செலுத்தினால் மோட்டார் பெயர்ந்து நீரில் வீழ்தலும் நேரும். பழைய பலகையை முழுதாகக் கழற்றி, அதனையே அளவாக வைத்துப் புதியதை வெட்டுவர். இரு பலகைகளை எபாக்சிப் பசையால் ஒட்டி, விளிம்பிலும் துளைகளின் உட்புறத்திலும் அப்பசையையே இரண்டு மூன்று முறை பூசுவர். குளிர் மிக்க கொட்டகையில் இப்பசை இறுகாது. ஆகவே அடுப்பு மூட்டியோ மின்கணப்பு வைத்தோ வெம்மையூட்டல் வேண்டும். புகையும் ஆவியும் வெளியேற வழி விடாமல் இதனைச் செய்தல் உயிர்க்கே கேடு.

மரம் உளுக்காதிருக்க மருந்தூட்டிய பலகையை வைத்தால் என்ன என்று தோன்றும். இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். 2003ஆம் ஆண்டின் முடிவோடு அமெரிக்காவில் வீட்டு வேலைக்கான பலகைகளில் ஆர்செனிக் கலந்த மருந்தைக் கைவிட்டனர். பின்னர் வந்த மருந்துகளிற் பல செம்பு மிகுந்தவை. செம்பும் அலுமினியமும் ஈரத்தில் தொடர்புற்றால் அவ்விடமே ஒரு மின்கலம் ஆகின்றது. அலுமினியம் சிறிது சிறிதாகக் கரைகின்றது. படகின் அடியில் நழுவி விழுந்த செப்புக்காசு ஒன்று, ஈரத்திற் கிடந்து தகட்டையே அரித்துப் பள்ளமாக்கிவிடக் கூடும். ஆதலின் பித்தளைத் திருகாணியும், செம்பு கலந்த வண்ணமும் அலுமினியப் படகுக்கு ஆகா. தன் துருவை வென்ற உலோகம் அயல் உலோகத்தின் சேர்க்கைக்குத் தோற்கின்றது.

மூன்றாவது நுரைப்பாளம். நாம் தெர்மாகோல் என்று வழங்கும் பொருளின் இனத்தது அது. படகில் நீர் நிறைந்தாலும் மூழ்கிப்போகாமல் தாங்குவது இதுவே. அமெரிக்காவில் 1971இல் இயற்றிய படகுப் பாதுகாப்புச் சட்டத்தைத் தொடர்ந்து, 20 அடிக்குக் குறைந்த மோட்டார்ப் படகுகள் இவ்வாறு மிதக்க வேண்டும் என்று விதிகள் பிறந்தன. ஒரு கன அடி நுரைப்பாளம் தன் எடை போக ஏறத்தாழ 27 கிலோ பாரத்தை நீரில் தாங்கும். ஆனால் பல ஆண்டு ஈரத்தில் ஊறிய பாளமோ நீரைத் தன்னுள் ஏற்றுத் தானே பாரமாகிவிடும். இருக்கையின் மேல்தகட்டைக் கழற்றாமல் இதனை அறிய முடியாது. அது மிக்க உழைப்பு. ஆகையால் பலர் அதனை விட்டுவிட்டு வண்ணம் பூசப் போய்விடுகின்றனர்.

அங்ஙனம் விடுதல் எத்துணைக் கொடிது என்பதை அந்நாட்டு நீரின் தன்மை அறிந்தால் உணர்வீர்கள். பனி உருகிய புதிதில் ஏரிநீர் உறைநிலைக்குச் சிறிதே மேற்பட்ட குளிர்ச்சியுடையது. கனடாவின் மானிடோபாப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கார்டன் கீசுபிரெக்டு என்பார், இத்தகைய நீரில் விழுந்தவர் நிலையை 1, 10, 1 என்னும் மூன்று எண்களால் விளக்கியுள்ளார். திணறும் மூச்சை அடக்க 1 நிமிடம். கைகால்கள் பயன்படும்படி அசைவது 10 நிமிடம். குளிரால் நினைவு தப்ப ஏறத்தாழ 1 மணி நேரம். பத்தாம் நிமிடத்துக்கு மேல் நீந்த வல்லவரும் நீந்தமாட்டார். அப்போது அவரைக் காப்பன இரண்டே: உடலிற் கட்டிய மிதவைச் சட்டையும், கவிழ்ந்தும் மூழ்காத படகும். கொட்டகையில் ஒருவர் சோம்பி விட்ட நுரைப்பாளம், மே மாதத்தில் மற்றொருவர் உயிருக்கு விலையாகலாம்.

வண்ணம் பூசுதல் கடைசி வேலை; பெரிதும் அழகுக்கே. பழைய வண்ணத்தில் ஈயமும் குரோமியமும் இருக்கக்கூடும் ஆதலின், தேய்ப்பவர் அத்தூளை மூச்சில் ஏற்காதவாறு முகமூடி அணிய வேண்டும். இரும்புச் சீவலாற் தேய்த்தலும் கூடாது. அதன் துணுக்குகள் தகட்டிற் பதிந்து துருவேறும்.

மே மாதத்து நடுவில், ‘வால்ஐ’ என்னும் மீனைப் பிடிக்கும் பருவம் தொடங்குமுன், புதுக்கிய படகை நீரில் விடுவர். அன்று மீன் பிடிக்கச் செல்வதில்லை. அடித்துளையின் அடைப்பானை இறுக்கி, கரையோரமாகவே ஒரு மணி நேரம் மெல்லச் செலுத்தி, அடித்தளம் உலர்ந்துளதா என்று கையால் தடவிப் பார்ப்பர். எங்கேனும் ஈரம் தட்டினால், அவ்விடத்தின் நேரே மீண்டும் ஒரு வட்டம் இட்டுக்கொண்டு கரையேறுவர்.