செய்த பிழையும் செய்யாத பிழையும்

கேள்வி: 'மால்ஃபீசன்ஸ்', 'மிஸ்ஃபீசன்ஸ்', 'நான்ஃபீசன்ஸ்' ஆகிய மூன்று ஆங்கிலச் சொற்களும் உத்தியோகஸ்தர் கடமை தவறுவதைத்தானே குறிக்கின்றன? ஒன்றுக்கு மூன்று சொற்கள் எப்படி வந்தன?

பதில்: மூன்றுக்கும் மூலம், செய்கை என்று பொருள்படும் ஒரே பிரெஞ்சுச் சொல். 1066-இல் இங்கிலாந்தை ஜயித்த நார்மானியரின் பாஷை, நியாயஸ்தலங்களில் குடிபுகுந்து, ஜனங்கள் அதை அடியோடு மறந்த பின்னும் வக்கீல்களின் ஏடுகளை விட்டு அகலாமலிருந்து, 1733-இல்தான் சட்டத்தினால் வெளியேற்றப்பட்டது. அதன் மிச்சங்களே இவை.

ரஸ்தா ஓவர்சியர் ஒருவர், லஞ்சம் வாங்கிக்கொண்டு, போடாத சாலைக்குப் பில் பாஸ் செய்தால் அது மால்ஃபீசன்ஸ், செய்கையே அக்கிரமம். செப்பனிடுவதற்காகத் தோண்டிய பள்ளத்தின் அருகே இரவில் சிவப்பு விளக்கு வைக்காமல் வீடு போய்ச் சேர்ந்தால் மிஸ்ஃபீசன்ஸ். செய்யவேண்டிய காரியந்தான், செய்த விதம் பிசகிவிட்டது. மழை பறித்த குழியை வருஷக்கணக்கில் மூடாமலே விட்டுவைத்தால் நான்ஃபீசன்ஸ்.

முதலாவதைப் பற்றி அவ்வளவு தர்க்கம் இல்லை. பின்னிரண்டுக்கும் நடுவில்தான் பணம் இருந்தது. 1788-இல், டெவன் ஜில்லாவில் பழுதுபட்டுக் கிடந்த பாலத்தினால் பார வண்டி சேதமடையப்பெற்ற ரஸ்ஸல் என்பவர், பாலத்தைப் பராமரிக்கக் கடமைப்பட்ட அந்த ஜில்லாவாசிகள் எல்லோர் மீதுமே நஷ்ட ஈடு கேட்டு வழக்குத் தொடுத்தார். ஜில்லாவுக்கென்று பொது நிதி எதுவும் இல்லை, இதை அனுமதித்தால் வழக்குகளுக்கு முடிவே இராது, பொதுஜனங்கள் அசௌகரியப்படுவதைக் காட்டிலும் தனி மனிதன் ஒருவன் நஷ்டப்படுவது மேல் என்றெல்லாம் காரணங்கள் கூறி, கெனியன் பிரபுவும் சக நியாயாதிபதிகளும் அதைத் தள்ளிவிட்டார்கள்.

காரணங்களில் முதலாவது, கஜானாவுடன் கூடிய ஸ்தல ஸ்தாபனங்கள் தோன்றியதுமே காலாவதியாகிவிட்டது. ஆனால் சாலையைப் பழுது பாராததற்கு நஷ்ட ஈடு கிடையாது என்ற விதி மட்டும் அசையவில்லை. விளைவு விபரீதம்: மண்வெட்டியைத் தொட்டுக் கெடுத்தவன் அகப்பட்டுக்கொண்டான், தொடாதிருந்தவன் தப்பினான். (சர்க்கார் ஆபீஸ்களோடு பரிச்சயமுள்ளவர்கள் இதைக் கேட்டு ஆச்சரியப்படமாட்டார்கள்.)

இங்கிலாந்தில் இந்தப் பாதுகாப்பை நீக்கியது 1961-ஆம் வருஷத்து நெடுஞ்சாலைச் சட்டம்; ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் பழைய விதியைக் கைவிட 2001 வரை சென்றது. இங்கிலாந்துச் சட்டம் அதிகாரிகளுக்கு ஒரே ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது: சாலை விஷயத்தில் நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய ஜாக்கிரதை முழுவதையும் எடுத்துக்கொண்டதாக அவர்களே நிரூபிக்கவேண்டும்.