வெள்ளையடிச்சா மட்டும் வெலை ஏறுமா?

எங்க சித்தப்பா ஷார்ஜாவுல இருந்து திரும்பி வந்ததும் தக்கலை பக்கம் 7 சென்ட்ல ஒரு பழைய ஓட்டு வீடு வாங்கினாரு. சரி பண்ணி ஆறு மாசத்துல வித்திரலாம்னு கணக்கு. ஓடு மாத்தி, டைல்ஸ் போட்டு, பெயின்ட் அடிச்சு வீட்டை அருமையா ஆக்கிட்டாரு. வாங்க வந்தவரோட வக்கீல் பத்திரத்தைப் பாத்துட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு: "உங்களுக்கு வித்தவருக்கு அக்கா தங்கச்சி உண்டுமா?"

உண்டு. திருவனந்தபுரத்துல ஒருத்தர். அவங்க கையெழுத்து பத்திரத்துல இல்ல. பதினாலு மாசம் வீடு பூட்டிக் கிடந்துச்சு, பேங்க் வட்டி மட்டும் ஓடிக்கிட்டே இருந்துச்சு. கடைசியில அவங்களுக்கு ஒரு தொகை கொடுத்து, விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கின பிறகுதான் விக்க முடிஞ்சுது.

நாளைக்கு வேலைக்குப் போய் நாலு காசு சேர்ந்ததும் நமக்கும் இந்த ஆசை வரும். அதனால மக்கா, இப்பவே மூணு விஷயம் தெரிஞ்சு வச்சுக்குவோம்.

1. முதல்ல பத்திரம்

நம்ம மாவட்டம் 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர் பக்கம் இருந்தது. அதனால பல வீடுகளின் மூலப் பத்திரம் மலையாளத்தில், கொல்லம் ஆண்டில் இருக்கும். சிங்கம் முதல் டிசம்பர் வரை என்றால் 824, ஜனவரிக்குப் பிறகு என்றால் 825 கூட்டினால் ஆங்கில வருடம் கிடைக்கும். மலையாளம் வாசிக்கத் தெரிந்த ஒருவரை வைத்து முழுசா வாசிக்கச் சொல்லுங்க.

அடுத்து வாரிசுகள். இந்துக் குடும்பத்தில் அப்பா உயில் எழுதாமல் இறந்தால், அவருடைய சொந்த சம்பாத்தியத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. பூர்வீகச் சொத்திலும் மகளுக்குப் பங்கு தரும் திருத்தம் தமிழ்நாட்டில் 1989-லேயே வந்துவிட்டது. கிறிஸ்தவக் குடும்பங்களில் பழைய திருவிதாங்கூர் சட்டம் மகள்களுக்கு மிகக் குறைவாகத்தான் கொடுத்தது. மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986-ல் அளித்த தீர்ப்பால் அவர்களுக்கும் சம பங்கு உறுதியானது. "கல்யாணத்துக்கு நகை போட்டாச்சுல்லா, அவளுக்கு என்ன பங்கு?" என்று விற்பவர் சொன்னால் தலையாட்டிவிட்டு வராதீங்க. வாரிசுச் சான்றில் உள்ள எல்லோருடைய கையெழுத்தும் வேணும்.

வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரங்கள் மட்டும்தான் வரும். வெறும் தாளில் எழுதிக் கொடுத்த ஒத்தி அதில் வராது. வீட்டில் யாராவது குடியிருந்தால் வாடகையா ஒத்தியா என்று அவர்களிடமே கேளுங்க. பட்டா, புலப்படம், வழிப்பாதை மூன்றையும் நேரில் நின்று அளந்து பாருங்க.

2. மழையில வீடு பாருங்க

நமக்கு ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை. வெயில் காலத்தில் பார்த்த வீடு எல்லாமே நல்ல வீடுதான். மழை நேரத்தில் ஒருமுறை போய் மச்சு, சுவர் மூலை, ஓட்டின் அடியில் உள்ள கழுக்கோல் எல்லாம் பாருங்க. மரத்தைத் தட்டினால் பொத்தென்று கேட்டால் கரையான் உள்ளே குடியிருக்கிறது என்று அர்த்தம்.

கான்கிரீட் வீடு என்றால் நம்ம லேப் பாடம் உதவும். புதிதாக உடைத்த இடத்தில் ஃபீனால்ஃப்தலீன் விட்டால் இளஞ்சிவப்பு வரணும். நிறம் மாறவில்லை என்றால் அங்கே காரத்தன்மை போய்விட்டது, கம்பிக்குப் பாதுகாப்பு இல்லை. முட்டம், குளச்சல் மாதிரி கடலோரத்தில் சிவப்பு வந்தாலும் நம்பிவிடக் கூடாது, உப்பு உள்ளே இறங்கியிருந்தால் கம்பி தனியாகத் துருப்பிடிக்கும். துரு ஏறிய கம்பி பருத்து கான்கிரீட்டைத் தள்ளும். அதன் மேல் பூசி பெயின்ட் அடிப்பது காசைக் கிணற்றில் போடுகிற மாதிரி.

3. லாபத்தை முழுசா கழிச்சுப் பாருங்க

ஒரு உதாரணம். 30 லட்சத்துக்கு வாங்கி, 6 லட்சம் செலவு செய்து, 45 லட்சத்துக்கு விற்றால் 9 லட்சம் லாபம் என்றுதான் எல்லோரும் நினைப்போம். சரியான கணக்கு இது:

- வாங்கிய விலை: 30,00,000
- முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%: 2,70,000
- வாங்கும்போது புரோக்கருக்கு 1%: 30,000
- மராமத்து: 6,00,000
- எதிர்பாராத வேலைக்கு 15%: 90,000
- 15 லட்சம் கடனுக்கு ஒரு வருட வட்டி, 9%: 1,35,000
- விற்கும்போது புரோக்கருக்கு 1%: 45,000

மொத்தம் 41,70,000. மிச்சம் 3,30,000. வீடு இன்னொரு ஆறு மாசம் விற்காமல் கிடந்தால் வட்டி மட்டும் 67,500 கூடும். 24 மாதத்துக்குள் விற்றால் லாபம் உங்கள் மற்ற வருமானத்தோடு சேர்ந்து வரிக்கு வரும்.

"பத்திரத்துல கம்மியா காட்டுவோம், மிச்சத்தை ரொக்கமா தாங்க" என்பார்கள். ஒத்துக்காதீங்க. சட்டப்படி தப்பு. அதோடு, நாளைக்கு நீங்கள் முழு விலைக்கு விற்கும்போது வாங்கிய விலை குறைவாக இருப்பதால் லாபமும் வரியும் ஏறும். மராமத்து பில்களையும் அதனால்தான் பத்திரமாக வைக்கணும்.

செலவை எங்கே போடுவது? நம்ம ஊரில் வீடு பார்க்க வருபவர்கள் கேட்பது: கார் முற்றத்தில ஏறுமா, கிணத்துல கோடைக்கும் தண்ணி உண்டுமா, கக்கூஸ் எத்தனை? ஒயரிங், அடுக்களை, கூரை இதெல்லாம் முதலில். கிரானைட் கடைசியில் போதும்.

இந்த லீவுக்கு ஊருக்குப் போனதும் உங்க வீட்டுப் பத்திரத்தை அப்பாகிட்ட கேட்டு வாங்கி ஒருதடவை வாசிச்சுப் பாருங்க. அதுல அத்தைமாருடைய கையெழுத்து இருக்கான்னும் பாருங்க.