புது லேப்டாப்பில் ரெவிட் ஓடுமா? இஎம்ஐ போடுவதற்கு முன் 5 கேள்விகள்



என் சித்தப்பா பையன் கோயம்புத்தூர்ல ஒரு ஆர்க்கிடெக்ட் ஆபீஸ்ல ஜூனியரா இருக்கான். கைக்கு வர்ற சம்பளம் 28,000 ரூபாய். சனி, ஞாயிறுல வீட்டு பிளான் வரைஞ்சு கூடுதலா சம்பாதிக்கலாம்னு 1,20,000 ரூபாய்க்கு ஒரு புது லேப்டாப் வாங்கினான். கிரெடிட் கார்டுல 12 மாத இஎம்ஐ. அன்னைக்கு ராத்திரியே எனக்குப் போன்: "அண்ணே, இதுல ரெவிட் இன்ஸ்டாலே ஆகாதாம்!"

அவன் வாங்கினது மேக். ரெவிட் விண்டோஸுக்கு மட்டுமே வருது. பெட்டியைப் பிரிச்சாச்சு, அதனால கடையில திரும்ப எடுக்கல. லேப்டாப் மேல எந்தக் குறையும் இல்லை. எந்த சாஃப்ட்வேர்ல வேலைன்னு முதல்ல பார்க்காம, மெஷினை முதல்ல வாங்கினதுதான் தப்பு.

நீங்க ஆர்க்கிடெக்டோ, டிராஃப்ட்ஸ்மேனோ, இன்டீரியர் டிசைனரோ, யாரா இருந்தாலும் கார்டை நீட்டுறதுக்கு முன்னாடி இந்த 5 கேள்விகளைக் கேளுங்க.

1. என் வேலை எந்த சாஃப்ட்வேரில்?

ஒரு பேப்பரில் எழுதுங்க. ஆட்டோகேட், ஸ்கெட்ச்அப், ஆர்க்கிகேட், ரைனோ ஆகியவற்றுக்கு மேக் பதிப்பு இருக்கு. ரெவிட், 3டிஎஸ் மேக்ஸ் இரண்டும் விண்டோஸில் மட்டும்தான். உங்க ஆபீஸும் கிளையன்ட்டும் ரெவிட் ஃபைல் அனுப்பினா, இந்தக் கேள்வியிலேயே பாதி முடிவு வந்துடும்.

2. உள்ளே இருக்கும் ப்ராசஸர் எந்த வகை?

பழைய இன்டெல் மேக்கில் பூட் கேம்ப் மூலமா விண்டோஸ் போட்டு ரெவிட் ஓட்டினவங்க நிறைய பேர். 2020 கடைசியில் எம்1 சிப் வந்தது. அந்த வரிசை மேக்குகளில் பூட் கேம்ப் கிடையாது. பேரலல்ஸ் போட்டாலும் அதில் ஓடுறது ஏஆர்எம் வகை விண்டோஸ்.

"சரி, விண்டோஸ் லேப்டாப்பே வாங்கிடறேன்"னு சொன்னாலும் ஒரு கண்ணி இருக்கு. 2024-ல் இருந்து ஸ்னாப்டிராகன் எக்ஸ் சிப்போட விண்டோஸ் லேப்டாப்கள் வருது. பேட்டரி நல்லா நிக்கும், ஆனா அதுவும் ஏஆர்எம்தான். ரெவிட் எழுதப்பட்டது இன்டெல், ஏஎம்டி வகை ப்ராசஸருக்கு. ஏஆர்எம்ல ஓட்டுறதை ஆட்டோடெஸ்க் ஆதரிக்கிறதில்லை. எப்படியோ திறந்தாலும், நடுவில் நின்னா உதவிக்கு ஆள் கிடையாது. டெட்லைன் நாளில் அது நடந்தா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

3. ரேம் எவ்வளவு? பிறகு ஏத்த முடியுமா?

ரெவிட் 2025-க்கு ஆட்டோடெஸ்க் சொல்ற குறைந்தபட்சம் 16 ஜிபி. இந்தத் துறையில் பழக்கத்தில் இருக்கும் ஒரு கணக்கு: மாடல் ஃபைல் அளவைப் போல சுமார் 20 மடங்கு ரேம். 300 எம்பி மாடல்னா அதுக்கு மட்டும் 6 ஜிபி. அதோட விண்டோஸ், பிரவுசர், பிடிஎஃப் எல்லாம் திறந்திருக்கும். சின்ன வீடுகளுக்கு 16 ஜிபி சமாளிக்கும். அபார்ட்மென்ட், ஆஸ்பத்திரி மாதிரி பெரிய மாடல்னா 32 ஜிபி வேணும்.

பல மெலிசான லேப்டாப்களில் ரேம் போர்டோடு ஒட்டியே வரும், பிறகு ஏத்தவே முடியாது. கூடுதல் ஸ்லாட் இருந்தா இப்போ 16 ஜிபியோட வாங்கி, வேலை பெருகும்போது ஏத்திக்கலாம். அந்த ஸ்லாட் உங்க பர்ஸுக்கு ஒரு இன்சூரன்ஸ் மாதிரி.

4. பணம் எந்தப் பாகத்துக்குப் போகுது?

சேல்ஸ்மேன் "இது கேமிங் கார்டு சார், எல்லாம் பறக்கும்"னு சொல்வார். ரெவிட்ல சுவர் போடுறது, வியூ மாத்துறது மாதிரி அன்றாட வேலைகள் பெரும்பாலும் ஒரே கோரின் வேகத்தை நம்பித்தான் நடக்குது. அதனால கோர் எண்ணிக்கையை விட கிளாக் வேகம் முக்கியம். என்ஸ்கேப், ட்வின்மோஷன் மாதிரி ரெண்டரிங் செய்றவங்களுக்குத்தான் பெரிய கிராஃபிக்ஸ் கார்டு உண்மையில் தேவை. ஷீட் மட்டும் வரையறவங்க அதுக்குக் கொடுக்கிற காசு வீண்.

5. சாஃப்ட்வேர் செலவைக் கணக்கில் சேர்த்தோமா?

2016-லேயே ஆட்டோடெஸ்க் ஒருமுறை காசு கொடுத்து வாங்கும் புது லைசென்ஸ்களை நிறுத்திடுச்சு. இப்போ சந்தாதான். காலேஜ்ல வாங்கின மாணவர் லைசென்ஸை வச்சு காசுக்கு வேலை செய்யக் கூடாது. திருட்டு காப்பியும் வேண்டாம். இன்னொன்னு: புது பதிப்பில் சேமிச்ச ரெவிட் ஃபைலைப் பழைய பதிப்பில் திறக்க முடியாது. ஆபீஸ் எந்தப் பதிப்பில் இருக்கோ, அதையே நீங்களும் வச்சுக்கோங்க.

சரி, இப்போ பணக் கணக்கைப் பார்க்கலாம்.

1,20,000 ரூபாய், ஆண்டுக்கு 15% வட்டி, 12 மாதம். இஎம்ஐ சுமார் 10,830. வட்டி மட்டும் சுமார் 9,970. அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி சுமார் 1,800. மொத்தம் கிட்டத்தட்ட 1,31,800 ரூபாய். "நோ காஸ்ட் இஎம்ஐ"ன்னாலும் வட்டியைத்தான் தள்ளுபடியா காட்டுவாங்க. அந்த ஜிஎஸ்டியும் ப்ராசஸிங் கட்டணமும் பொதுவா உங்க தலையில்தான்.

28,000 சம்பளத்தில் 10,830 போனா, மிச்சம் 17,170. வாடகை, சாப்பாடு, வீட்டுக்கு அனுப்புறது எல்லாம் அதுக்குள்ள.

எங்க தம்பி கடைசியில அந்த லேப்டாப்பை 85,000-க்கு வித்தான். நஷ்டம் ஏறக்குறைய 47,000 ரூபாய், அவனோட ஒன்றரை மாத சம்பளத்துக்கும் மேல. கையில இல்லாத லேப்டாப்புக்கு இன்னும் 10 தவணை பாக்கி. ஒவ்வொரு மாசமும் அந்த எஸ்எம்எஸ் வரும்போது முகம் வாடிடுது.

அதனால நான் சொல்ற கணக்கு இது. சைடு வேலையில மாசம் 5,000 ரூபாய் மிஞ்சும்னா, 1,31,800-ஐத் திருப்பி எடுக்க 26 மாதத்துக்கு மேல ஆகும். அதே 90,000 ரூபாய் மெஷினைச் சேமிச்சு வாங்கினா 18 மாதம் போதும். சாஃப்ட்வேர் சந்தா இதுக்கு மேல தனி. 24 மாதத்துக்குள்ள காசு திரும்பாதுன்னா, அந்த மெஷின் இப்போதைக்கு வேண்டாம்.

இந்த வாரமே செய்ய வேண்டியது மூணு. ஆஃபர் லெட்டரை எடுத்து, வெளி வேலை செய்ய அனுமதி இருக்கான்னு படிங்க. வாங்க நினைக்கிற அதே ப்ராசஸர் இருக்கிற நண்பரோட மெஷின்ல டிரையல் பதிப்பைப் போட்டு, உங்க பெரிய ஃபைல் ஒன்னைத் திறந்து பாருங்க. வாங்குற தொகையை மாசாமாசம் ஆர்டியில் போட ஆரம்பிங்க. அந்தத் தவணையை ஆறு மாசம் சிரமமில்லாம கட்ட முடிஞ்சா, உங்க பட்ஜெட் என்னன்னு உங்களுக்கே தெரிஞ்சுடும்.

நீங்க எந்த சாஃப்ட்வேர்ல வேலை செய்றீங்க, என்ன மெஷின்னு கமெண்ட்ல எழுதுங்க. வாங்கினவங்க அனுபவம், வாங்கப் போறவங்களுக்குக் காசு. அடுத்த பதிவில் சந்திப்போம்!