தோழியும் ஆலை அலுவலரும்

களவொழுக்கத்தில் தலைவியின் மறைபொருள் முதற்கண் தோழி ஒருத்திக்கே தெரியும். பின்னர்த் தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தன்னையர்க்கும் முறையே உணர்த்துவர். இதனை அறத்தொடு நிற்றல் என்பது நூல் வழக்கு. உரிய காலம் வந்தாலன்றித் தோழி வாய் திறவாள். திறப்பதும் தலைவியின் நலங் கருதியே. ஒருவர் அந்தரங்கம் யார் செவிக்குச் செல்லலாம், எதன்பொருட்டுச் செல்லலாம் என்பதை நம் முன்னோர் இத்துணை நுணுகி ஆராய்ந்திருக்க, தொழிற்சாலை விஷயத்தில் நாம் அதனை ஆராயாது விடுதல் தகுமோ?

தென்காசி மாவட்டத்துத் திருவேங்கடத்தையும் அதனைச் சூழ்ந்த கரிசற்காட்டு ஊர்களையும் எடுத்துக்கொள்வோம். இப்பக்கத்தில் தீப்பெட்டி வேலை செய்வாரும் உளர். இராஜபாளையத்து நூற்பாலைகளும் தொலைவில் இல்லை. சிறு பட்டறையில் முதலாளியும் கணக்கப்பிள்ளையுமே எல்லாம். பெரிய ஆலையிலோ மனிதவள அலுவலர் என ஒருவர் இருப்பார். தன் நோயையோ, வீட்டுத் துன்பத்தையோ, மேஸ்திரியின் கொடுஞ்சொல்லையோ அவரிடம் கூறும் பெண், அவரைத் தோழி என்று எண்ணியே கூறுகின்றாள். அவர் தோழியல்லர், செவிலி. அன்புடையவராயிருத்தல் கூடும், ஆயினும் அவர் உண்பது அவ்வில்லத்துச் சோறு.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், 500 பேரும் அதற்கு மேற்பட்டோரும் வேலை செய்யும் ஆலைகளில் தொழிலாளர் நல அலுவலரை நியமிக்குமாறு விதித்தது. அவரை நியமித்தவரும் முதலாளியே. அரசாங்கத்துத் தொழிற்சாலை ஆய்வாளர் நிலை வேறு. 1947-இல் சர்வதேசத் தொழிலாளர் மகாசபை இயற்றி, 1949-இல் இந்தியா ஏற்றுக்கொண்ட 81-ஆம் உடன்படிக்கையின்படி, முறையிட்டவர் இன்னார் என்பதை ஆய்வாளர் வெளியிடலாகாது. முறையீட்டின்பேரிலேயே வந்தோம் என்று முதலாளிக்குக் குறிப்புக் காட்டுதலும் ஆகாது. எத்துணைக் கூரிய விதி!

பெண்களுக்குப் பணியிடத்தில் நேரும் பாலியல் துன்பத்தைத் தடுக்க 2013-இல் எழுந்த சட்டமும் மறைபொருளைக் காக்கின்றது. முறையிட்டவர், எதிரி, சாட்சிகள் ஆகியோரின் பெயரையும் விலாசத்தையும் பொதுமக்களுக்கோ பத்திரிகைகளுக்கோ தெரிவித்தல் குற்றம். ஆனால் விசாரணை அறிக்கை முதலாளியிடமே செல்லும். முறையீட்டின் பிரதி எதிரிக்கும் கிடைக்கும். தெருவுக்கு அடைத்த கதவு வீட்டினுள் திறந்தே இருக்கின்றது. இஃது இல்லாமல் விசாரணை நடவாது என்பது உண்மையே. எனினும் பேசத் தொடங்கும் முன்னரே அவளுக்கு இது தெரிந்திருத்தல் வேண்டும். பத்துப் பேருக்குக் குறைந்த பட்டறையாயினும், குற்றஞ் சாட்டப்படுபவர் முதலாளியேயாயினும், மாவட்டத்து உள்ளூர்க் குழுவிடம் முறையிடச் சட்டம் வழி வைத்துள்ளது.

ஆகவே முதலிற் கேட்கத் தக்கவை இரண்டு: இஃது எழுதப்படுமோ? யார் கண்ணிற் படும்? “யாரிடமும் சொல்லேன், கூறுக” என்று இனிக்கப் பேசும் அலுவலரினும், “இதனை மேலிடத்திற்கு நான் அறிவித்தே ஆக வேண்டும், அறிந்து கூறுக” என்பவரே அப்பெண்ணுக்குத் தோழியை ஒப்பர்.